மீட்பு என்றால் அடகில் போனதைத் திருப்புவது

(செகந்தராபாத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு 'எபிரேயத் தீர்க்கதரிசிகளும் ஒடுக்கப்பட்டோருக்கு அவர்கள் தந்த வாக்குறுதியும்' என்று அறிவித்தவுடன் இரண்டு தோழர்கள் என்னிடம் வந்தார்கள். ஒருவர், "சங்கத்தில் இனி வேத பாட வகுப்பு நடக்குமா?" என்று கேட்டார். இன்னொருவர் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். "தீர்க்கதரிசனத்தை அரசியல் மேடையில் இழுக்கலாமா?" என்று வருத்தப்பட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் போதகன் அல்ல. மறுமையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியும் இல்லை, நேரமும் இல்லை. நிலம், வீடு, கடன், கூலி, சாதிச் சான்றிதழ் ஆகிய ஐந்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கடைசிச் சொல் ஒன்றைத் தவிர மற்ற நான்கும் அந்தத் தீர்க்கதரிசிகள் பேசியவை. அந்த ஐந்தாவது, நம் நாடு சேர்த்துக் கொடுத்தது.

அடகுக் கடைச் சொல்

'மீட்பு', 'மீட்பர்' என்ற சொற்களைக் கேட்டவுடன் நமக்கு ஆலய மணியும் ஆர்மோனியமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தச் சொல் வேறு இடத்தில் பழக்கம். ஆடி மாதம் அடகு வைத்த சங்கிலியைத் தையில் மீட்பார்கள். ஒத்திக்குப் போன நிலத்தை மகன் சம்பாதித்து மீட்பான். மீட்பு என்றால் நமதாக இருந்து, கஷ்ட காலத்தில் கைமாறிப் போனதை, மறுபடி நம் கைக்குக் கொண்டு வருவது. பிச்சை வாங்குவதற்கு மீட்பு என்று பெயரில்லை. புதிதாக ஒன்றைப் பரிசாகப் பெறுவதற்கும் மீட்பு என்று பெயரில்லை.

எபிரேய மொழியிலும் அப்படியே. அங்கே 'கோயேல்' என்று ஒரு சொல் உண்டு. வறுமையால் ஒருவன் நிலத்தை விற்றுவிட்டால், அதைத் திரும்ப வாங்கித் தரக் கடமைப்பட்ட நெருங்கிய உறவினனுக்கு அந்தப் பெயர். கடனுக்காக ஒருவன் தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டால், அவனை விடுவிக்க வேண்டியவனும் அந்த உறவினனே. லேவியராகமத்தில் இந்தச் சட்டம் இருக்கிறது. ரூத்தின் கதையில் போவாஸ் செய்வதும் இந்தக் கடமையைத்தான். 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை யூபிலி ஆண்டு வரும். அப்போது விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும், அடிமைப்பட்டவர் வீடு திரும்ப வேண்டும் என்பதும் அதே நூலின் சட்டம்.

ஏசாயா நூலின் பிற்பகுதியைப் பாடிய தீர்க்கதரிசி பாபிலோனில் சிறைப்பட்டிருந்த மக்களிடம் பேசுகிறார். தங்கள் கடவுளுக்கு அவர் திரும்பத் திரும்பக் கொடுக்கிற பெயர் இந்தக் 'கோயேல்' என்பதுதான். கவனியுங்கள் தோழர்களே! அரசன், தளபதி என்ற பட்டங்கள் அவருக்குப் போதவில்லை. அடகில் போன உன்னைத் திருப்ப வேண்டிய உறவுக்காரன் என்கிறார். இது தருமம் செய்கிறவனின் மொழி அல்ல. உறவின் கடமையும் உரிமையும் பேசுகிற மொழி.

யார் பேசினார்கள், யாரிடம் பேசினார்கள்?

ஆமோஸ் என்பவர் கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். தெக்கோவா என்ற ஊரில் ஆடு மேய்த்தவர். காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். குருமார் பரம்பரையில் வந்தவர் அல்ல. அவர் வடநாட்டுக்குப் போய், பெத்தேல் ஆலயத்தில் நின்று பேசினார். ஏழையை ஒரு ஜோடிச் செருப்பின் விலைக்கு விற்கிறீர்கள், தராசில் கள்ளம் செய்கிறீர்கள், பதரைக் கோதுமை என்று விற்கிறீர்கள். இந்தக் கையோடு கொண்டு வரும் பலியும் பாட்டும் கடவுளுக்கு அருவருப்பு என்றார். ஆலய அதிகாரி அவரை ஊரை விட்டுப் போகச் சொன்னார். உன் ஊரில் போய்ப் பிழைத்துக்கொள் என்றார். வெளியூரிலிருந்து வந்தவன் வாய் திறந்தால் இந்தப் பதில்தான் கிடைக்கும் என்பது நமக்குப் புதிதா?

மதம் மயக்க மருந்து என்று சொல்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மயக்க மருந்தாகப் பயன்பட்ட மதத்தை முதலில் தாக்கியவர்களில் இவர்களும் உண்டு. ஆலயத்தை எதிர்த்து ஆலய வாசலிலேயே பேசியவர்கள் இவர்கள். இதைச் சொல்வதற்கு நாம் விசுவாசியாக இருக்க வேண்டியதில்லை. நியாயமாக இருந்தால் போதும்.

இரண்டாவது, அவர்கள் தந்த வாக்குறுதியின் உள்ளடக்கம். ஏசாயா நூலின் கடைசிப் பகுதியில் வரப்போகும் நாளைப் பற்றி ஒரு சித்திரம் வருகிறது. அந்த நாளில் வீடு கட்டுகிறவனே அந்த வீட்டில் குடியிருப்பான். தோட்டம் நடுகிறவனே அதன் பலனை உண்பான். ஒருவன் கட்ட இன்னொருவன் குடியேறுவது நின்றுபோகும் என்பதே அதன் கருத்து. மீகா சொல்கிற நாளில் அவரவர் திராட்சைக் கொடியின் கீழும், அத்தி மரத்தின் கீழும், பயமுறுத்த ஆளின்றி அவரவர் உட்கார்ந்திருப்பார்கள்.

தங்க வீதி இல்லை. பறக்கிற தூதர்கள் இல்லை. கட்டியவனுக்கு வீடு, நட்டவனுக்கு விளைச்சல், பயமில்லாத ஒரு மரத்தடி. மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் சாரம் கட்டி ஏறிய கொத்தனாரிடமும் சித்தாளிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். வியாக்கியானம் கேட்க மாட்டார்கள். தாங்கள் கட்டிய கட்டடத்துக்குள் காவலாளியைத் தாண்டி மறுபடி நுழைய முடியாதவர்கள் அவர்கள்.

மேதக் ஆலயத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1914இல் வேலை தொடங்கி 1924 டிசம்பர் 25ஆம் தேதி திறக்கப்பட்டது. பஞ்ச காலத்தில் போஸ்நெட் என்ற மிஷனரி, பசித்தவர்களுக்கு வேலையும் உணவும் கொடுத்து அதைக் கட்டினார். கலையழகைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்வது வேறு. அங்கே கல் சுமந்தவர்கள் கட்டடம் முடிந்த பின் உள்ளே போய் உட்கார முடிந்தது. அதே காலத்தில் நம் மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த ஒரு வேறுபாடு எத்தனை ஆயிரம் மாலர், மாதிகர் குடும்பங்களை எந்தப் பக்கம் திருப்பியிருக்கும் என்று யோசியுங்கள். அரிசிக்காக மதம் மாறினார்கள் என்று ஏளனம் செய்கிறவர்கள், உட்கார ஓர் இடத்துக்காக மாறினார்கள் என்பதை மறைக்கிறார்கள்.

பத்திரம் வைத்த பானை

எரேமியாவின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழப்போவது உறுதி. விழும் என்று சொன்னதற்காகவே எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய சிற்றப்பன் மகன் அனாமெயேல் வந்து, சொந்த ஊரான ஆனதோத்தில் உள்ள நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்கே என்கிறான். எதிரிப் படை அந்தச் சீமையையே வளைத்திருக்கும்போது அந்த நிலத்துக்கு என்ன மதிப்பு? ஆனால் எரேமியா 17 சேக்கல் வெள்ளியை எடைபோட்டுக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்டு, முத்திரை போட்டு, பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாதிருக்க மண்பானையில் வைக்கச் சொல்கிறார். இந்த நாட்டில் மறுபடி வீடும் வயலும் தோட்டமும் கைமாறும் நாள் வரும் என்பதற்கு அதுவே அடையாளம்.

வாக்குறுதியை அவர் பாட்டாகப் பாடவில்லை. பத்திரமாகப் பதிவு செய்தார்.

நமக்கும் அப்படி ஒரு பானை உண்டு. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். சொந்த நிலம் இல்லாததே அவர்கள் அடிமைத்தனத்தின் வேர் என்று காட்டினார். அதையொட்டி 1892இல் வந்த அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுவது இந்தப் பஞ்சமி நிலம்தான். குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. ஏறக்குறைய யூபிலிச் சட்டத்தின் நிபந்தனை. என்ன நடந்தது? கடனுக்கும் மிரட்டலுக்கும் கள்ளப் பத்திரத்துக்கும் பெரும் பகுதி கைமாறிப் போனது. மீட்கப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? 1994 அக்டோபர் 10ஆம் தேதி, காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் உயிரிழந்தார்கள். ஒருவர் பெயர் கிறித்தவப் பெயர், மற்றவர் பெயர் பெருமாளின் மலை. இருவரும் கேட்டது ஒரே நிலம். பானையில் பத்திரம் இன்னும் இருக்கிறது தோழர்களே. திறக்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள்.

தோர்ணக்கல்லில் ஒரு தமிழர்

புலம்பெயர்ந்து இந்தத் தெலுங்கு மண்ணில் வாழும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் இருக்கிறது: வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்ட் 17ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் பிறந்தவர். எந்தச் சமூகத்தின் பெண்கள் மேலாடை அணிவதற்கே திருவிதாங்கூரில் 1859 வரை போராட வேண்டியிருந்ததோ, அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர். 'அசரியா' என்ற எபிரேயப் பெயருக்குக் கடவுள் துணைநின்றார் என்பது பொருள்.

வெள்ளைக்காரர் பணத்தையும் தலைமையையும் நம்பாமல் இந்தியரே செய்யும் பணி வேண்டும் என்று 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். 1909இல் தாமே நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டு வந்தார். காசிப்பேட்டையிலிருந்து விஜயவாடா போகும் ரயில் பாதையில் உள்ள ஊர்தான். 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளை மிஷனரிகள் முகத்துக்கு நேரே, தியாகமும் உதவியும் செய்கிறீர்கள், ஆனால் எங்களைச் சமமான நண்பர்களாக நடத்துவதில்லை என்ற கருத்தைச் சொல்லிவிட்டு வந்தார். 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். 1945 ஜனவரி 1ஆம் தேதி தோர்ணக்கல்லிலேயே மறைந்தார்.

பதவியை நான் பெரிதாகச் சொல்லவில்லை. அவர் வந்தவுடன் செய்தது தெலுங்கு கற்றுக்கொண்டது. மாட்டு வண்டியில் மாலப்பள்ளிகளுக்கும் மாதிகப் பள்ளிகளுக்கும் போனார். ஒருவரோடு ஒருவர் உண்ணாத அந்த இரண்டு சமூகங்களும் ஒரே பாத்திரத்திலிருந்து அருந்த வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் காலத்தில் அந்தத் திருச்சபையின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தைப் போய்ப் பாருங்கள். இந்துக் கோயிலின் தூணும் இசுலாமியக் குவிமாடமும் சேர்ந்து நிற்கும். இந்த மண்ணில் நின்று கட்டியவர் என்று அது சொல்லும். கிறித்தவருக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றவரும் அவர்தான். 1930களில் மதமாற்றம் பற்றிக் காந்தியாரோடு மோதியவரும் அவர்தான். ஒடுக்கப்பட்டவன் தன் மதத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் அறிவுடையவன் என்பது அந்த வாதத்தின் சாரம்.

குறை இல்லாமல் இல்லை. நிலம், கூலி பற்றிய போராட்டத்தை அவர் நடத்தவில்லை. நிஜாம் ராஜ்யத்தில் தேஷ்முக்குகளின் கொடுமை, வெட்டிச் சாகிரி என்ற கூலியில்லா உழைப்பு, பாகேலா என்ற கடனடிமை முறை எல்லாம் அவர் காலத்தில்தான் இருந்தன. அவற்றை உடைக்க எழுந்தது 1946இன் தெலங்கானா ஆயுதப் போராட்டம். ஜூலை 4ஆம் தேதி கடவெண்டியில் தொட்டி கொமரய்யா சாய்ந்தார். பாலகுர்த்தியில் சாகலி ஐலம்மா தான் விளைவித்த நெல்லை தேஷ்முக்குக்கு விட்டுக்கொடுக்க மறுத்தார். ஐலம்மாவுக்கு ஏசாயா தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நட்டவளே உண்ண வேண்டும் என்ற அந்த வாக்கை அவரைவிட நன்றாக யார் வியாக்கியானம் செய்தார்கள்?

மூன்றாவது பத்தி

இப்போது ஐந்தாவது சொல்லுக்கு வருகிறேன்: சாதிச் சான்றிதழ்.

1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று வந்தது. பட்டியல் சாதிகள் எவை என்று வரையறுத்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதத்திலிருந்து வேறுபட்ட மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முசுலிமும் வெளியிலேயே நிற்கிறார்கள்.

இதன் பொருள் என்ன? ஒரே சேரி. ஒரே தெரு. அண்ணன் தம்பி இருவர். ஊர்க்காரர் இருவரையும் ஒரே பெயர் சொல்லித்தான் திட்டுவார்கள். தேநீர்க் கடையில் இருவருக்கும் ஒரே தனிக் குவளை. ஆனால் தம்பி ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனால் அவனுக்குத் தனித்தொகுதி இல்லை; பட்டியல் சாதி இட ஒதுக்கீடு இல்லை; அடிபட்டால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. தமிழ்நாட்டில் அவனைப் பிற்படுத்தப்பட்டோரில் சேர்ப்பார்கள். இங்கே தெலங்கானாவில் பி.சி. பிரிவுக்குள் 'சி' என்று ஒரு மூலை. அதில் நூற்றுக்கு ஒன்று.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர் இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போனார். ஆதிதிராவிடக் கிறித்தவர். செருப்புத் தொழிலாளருக்கு இலவசப் பெட்டிக்கடை தரும் திட்டத்தில் மதத்தைக் காட்டி அவரை விலக்கியிருந்தார்கள். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று மனு தள்ளுபடியானது. ஏழையின் வழக்கு ஒரு ஜோடிச் செருப்பில் தொடங்கியது ஆமோஸ் காலத்தில்; இங்கே செருப்புத் தைத்தவனின் வழக்காகவே முடிந்தது.

பிறகு 2007இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கலாம் என்றது. ஆந்திர சட்டமன்றமும் தமிழ்நாடு சட்டமன்றமும் 2023இல் தீர்மானம் போட்டன. 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்து, அதன் காலக்கெடுவையும் நீட்டினார்கள். சூசை கேட்டது ஒரு பெட்டிக்கடை. கிடைத்தது ஆணையத்தின்மேல் ஆணையம்.

அரசை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. தாழ்த்தப்பட்டவருக்கு ஏன் இந்தச் சலுகை, கிறித்தவத்தில்தான் சாதி இல்லையே என்று கேட்கிறார்கள். இல்லையா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரிக்கச் சாதிச் சுவர் எழுப்பியது யார்? நிஜாமா, வெள்ளைக்காரனா? சுவருக்கு இருபுறமும் படுத்திருப்பவர்கள் ஒரே உயிர்த்தெழுதலை எதிர்பார்த்துப் படுத்திருக்கிறார்கள். எழும்போது சுவரேறிக் குதிப்பார்களா? 1981இல் பெங்களூர் இறையியல் கல்லூரியில் ஏ.பி. நிர்மல் தலித் இறையியல் என்ற பேச்சைத் தொடங்கியபோது, மதுரை அரசரடியில் பரட்டை என்ற தியாபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டு வந்தபோது, அவர்கள் இடிக்க நினைத்தது இந்தச் சுவரைத்தான்.

திரும்பி வந்த பின்

கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேஸ் பாபிலோனைப் பிடித்தான். சிறைப்பட்ட யூதர்கள் ஊர் திரும்ப வழி பிறந்தது. ஆலயமும் கட்டினார்கள். வாக்குறுதி நிறைவேறியதா?

சுமார் 90 ஆண்டுகள் கழித்து நெகேமியா அங்கே ஆளுநராக வந்தபோது கேட்டது ஏழைகளின் கூக்குரல். வரி கட்ட வயலை அடகு வைத்தோம், பஞ்சத்தில் தானியத்துக்காக வீட்டை அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமையாக விடுகிறோம், எங்கள் பெண்கள் ஏற்கெனவே அடிமைகளாகிவிட்டார்கள் என்று அழுதார்கள். யார் கடன் கொடுத்தது? பாபிலோன்காரன் அல்ல. கூடவே திரும்பி வந்த சொந்தச் சகோதரர்கள். நெகேமியா பெரியவர்களைக் கூட்டி வைத்து, வயலையும் வீட்டையும் இன்றைக்கே திருப்பிக் கொடு, வாங்கிய வட்டியையும் கொடு என்றார். நூற்றுக்கு ஒன்று என்று கணக்கு வருகிறது. மாத வட்டி என்று அறிஞர் பலர் கொள்வார்கள். நம் கணக்கில் ஒரு வட்டி. ஒரு வட்டிக்கே அவர் கொதித்தார்! பத்து வட்டி வாங்குகிறவர்களை வைத்துக்கொண்டு நாம் ஆண்டு விழா நடத்துகிறோம்.

எரேமியா காலத்திலும் இப்படி ஒன்று நடந்தது. முற்றுகை இறுகியபோது சிதேக்கியா அரசன் அடிமைகளை விடுவிக்க ஒப்பந்தம் செய்தான். எல்லோரும் விடுவித்தார்கள். எகிப்தியப் படை வருகிறது என்று கேட்டுப் பாபிலோன் படை விலகியவுடன் விடுதலை பெற்றவர்களை மறுபடி பிடித்துக்கொண்டார்கள். அபாயம் இருக்கும்வரை விடுதலை, அபாயம் நீங்கினால் பழைய சங்கிலி. ஐதராபாத் ராஜ்யத்தில் 1936இலேயே பாகேலா ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. 1976இல் இந்தியா முழுவதற்கும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. இன்னும் இந்த நகரைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து முன்பணத்துக்குக் கட்டுண்டு வருகிற குடும்பங்கள் இருக்கின்றன.

ஊர் திரும்புவது மட்டும் மீட்பு ஆகாது என்பதற்குத் தமிழனுக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டியதில்லை. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது. 'தாயகம் திரும்பியோர்' என்று அழகான பெயர் வைத்தார்கள். வந்து இறங்கியவர்களுக்குத் தாயகம் என்ன வைத்திருந்தது? இலங்கையில் இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். 2020 மே 1ஆம் தேதி நம் லிங்கம்பள்ளி நிலையத்திலிருந்து ஹட்டியாவுக்கு முதல் தொழிலாளர் ரயில் சுமார் 1,200 பேரோடு புறப்பட்டதே, நினைவிருக்கிறதா? ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஊரில் வேலை இல்லை, மறுபடி ரயிலேறினார்கள். நிலமும் கூலியும் மரியாதையும் திரும்பாமல் ஆள் மட்டும் திரும்புவது பயணமே தவிர மீட்பு ஆகாது.

வாக்குறுதியைக் கைப்பற்றியவர்கள்

ஒரு கேள்வியை நான் தாண்டிப் போகக் கூடாது. இதே தீர்க்கதரிசனத்தைக் காட்டித்தானே 1948இல் ஏறக்குறைய 7 லட்சம் பாலஸ்தீனியர் வீடிழந்தார்கள்? 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டதைப் பார்த்தோமே? உண்மை. ஒடுக்கப்பட்டவனுக்கு எழுதிய பத்திரத்தைப் பலசாலி தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறான். பஞ்சமி நிலத்துக்கு நடந்ததும் அதுதான்.

ஆனால் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறர் நிலம் மிஞ்சாதபடி வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்ப்பவனை ஏசாயா சபிக்கிறார். நிலத்தைப் பங்கிடும்போது உங்கள் நடுவே குடியிருக்கும் அந்நியனுக்கும் சுதேசியைப் போலவே பங்கு கொடு என்கிறார் எசேக்கியேல். உங்களை எகிப்திலிருந்து கொண்டு வந்த கடவுள்தான் பெலிஸ்தரையும் அவர்கள் இருந்த இடத்திலிருந்து கொண்டு வந்தார் என்று ஆமோஸ் சொல்லிவிட்டார். ஒரு சாதிக்கு, ஓர் இனத்துக்கு எழுதிய பட்டா என்று இதைப் படிக்கிறவர் பாதியை மறைத்துப் படிக்கிறார்.

நமக்கு என்ன வேலை?

பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா கடிதம் எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற அந்த நகரத்தின் நலத்தைத் தேடுங்கள், அதன் நலத்தில்தான் உங்கள் நலம் என்பது அதன் கருத்து. 1806இல் செகந்தராபாத் உருவான நாள்தொட்டு மதராஸ் பட்டாளத்தோடும் பிறகு ரயிலோடும் வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். பாஷை தெரியாமல் வந்து, இன்று சொந்த வீடும் கடையும் ஒப்பந்தத் தொழிலும் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நாம் இன்று நகரத்தின் அடித்தட்டில் இல்லை. அங்கே வேறு பாஷை பேசுகிறவன் நிற்கிறான். அவனுக்கு முன்பணம் கொடுத்து அழைத்து வருகிற மேஸ்திரிகளில் நம்மவர்களும் உண்டு. நெகேமியா இன்று வந்தால் முதலில் பெரியவர்களைத்தான் கூட்டுவார். அதை நினைவில் வையுங்கள்.

ஆகவே மூன்று வேலைகளை இந்தச் சங்கத்தின் முன் வைக்கிறேன். ஒன்று, 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாவது பத்தியை நீக்கக் கோரும் தீர்மானத்தை, மத வேறுபாடின்றி எல்லாரும் கையெழுத்திட்டு நிறைவேற்றுவது. இந்துத் தோழர்களின் கையெழுத்து முதலில் இருக்கட்டும்; அதற்குத்தான் மதிப்பு அதிகம். முசுலிம் தலித்துகளையும் அதில் விட்டுவிடாதீர்கள். இரண்டு, நம் உறுப்பினர் எவரும் தம்மிடம் வேலை செய்கிறவரை முன்பணக் கடனால் பிடித்து வைப்பதில்லை, கந்து வட்டி வாங்குவதில்லை என்று விதியில் சேர்ப்பது. மூன்று, ஊரில் பஞ்சமி நிலம் இழந்த குடும்பங்கள் நம்மில் இருந்தால், இருக்கிற காகிதத்தைக் கொண்டு வாருங்கள். சிட்டாவோ பழைய ரசீதோ, எதுவானாலும் சரி. படிக்கத் தெரிந்த தோழர்கள் உட்கார்ந்து படித்து, மனு எழுதித் தருவோம்.

மூன்றாவது வேலை சிறியது என்று தோன்றும். எரேமியாவும் அதைத்தான் செய்தார். நகரம் எரியப் போகிறது என்று தெரிந்தும் ஒரு துண்டு நிலத்துக்குப் பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, பானையில் போட்டு மூடினார். வாக்குறுதியை நம்புகிறவனுக்கு அது கடவுளின் கட்டளை. நம்பாதவனுக்கு அது அமைப்பு வேலை. கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டிருக்கும். பத்திரம் இருக்கிறவர்கள் அங்கே வாருங்கள்.